செயலி எதற்காகக் காத்திருக்கிறது?

1991 ஆகஸ்ட் 23 அன்று, நார்வேயின் ஸ்டவாங்கர் நகருக்கு அருகிலுள்ள கடற்கழி ஒன்றில் ஒரு பிரம்மாண்டமான கான்கிரீட் அடித்தளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் அமிழ்த்திச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். வட கடலில் எரிவாயு எடுப்பதற்காகக் கட்டப்பட்ட ஸ்லைப்னர் ஏ என்ற மேடையின் அடிப்பகுதி அது. ஒன்றோடொன்று ஒட்டிய 24 கான்கிரீட் அறைகளால் ஆனது. மூன்று அறைகள் கூடும் முக்கோண இடுக்கு ஒன்றில் சுவர் பிளந்தது. உள்ளே பாய்ந்த தண்ணீரைப் பம்புகளால் இறைத்து மாளவில்லை. மொத்த அமைப்பும் மூழ்கி, நீரழுத்தத்தில் நொறுங்கிக் கடலடியில் மோதியபோது எழுந்த அதிர்வு ரிக்டர் அளவில் 3 என்று பதிவானது. உயிர்ச்சேதம் இல்லை. நஷ்டம் சுமார் 70 கோடி டாலர்.

விசாரணையில் வெளிவந்த காரணங்களில் முதன்மையானது கணினிக்குள் இருந்தது. அடித்தளத்தின் வலிமையை நாஸ்ட்ரான் என்ற மென்பொருளில் கணக்கிட்டிருந்தார்கள். கணக்கிடுவதற்காகப் பொருளைச் சிறு துண்டுகளாகக் கூறுபோடும் வலையை மெஷ் என்பார்கள். அந்த முக்கோண இடுக்குகளில் மட்டும் மெஷ் மிகவும் பருமனாக இருந்தது. அதனால் அங்கே வரும் வெட்டுத் தகைவை 47 சதவீதம் குறைவாகக் காட்டியது கணக்கு. சுவர் தேவையானதைவிட மெலிதாக வடிவமைக்கப்பட்டது. கம்பி கட்டியதும் போதவில்லை. விபத்துக்குப் பிறகு நுணுக்கமான மெஷ் போட்டு மறுபடி கணக்கிட்டார்கள். 62 மீட்டர் ஆழத்தில் சுவர் உடையும் என்று விடை வந்தது. உண்மையில் உடைந்தது 65 மீட்டரில்.

செயலி வாங்குவதைப் பற்றிய அத்தியாயத்தில் இந்தச் சம்பவத்துக்கு என்ன வேலை? ஸ்லைப்னர் மூழ்கியதற்கு மெதுவான கணினிதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. பொறியாளர்களின் மெஷ் தேர்வும் அதைத் தோண்டிக் கேட்காத சரிபார்ப்பும்தான் காரணம். ஆனால் சிமுலேஷன் வேலையில் இருப்பவர்கள் அனைவருக்கும் ஒரு விஷயம் தெரியும். மெஷ்ஷை எவ்வளவு நுணுக்கலாம் என்பதைப் பாடப்புத்தகம் மட்டும் முடிவுசெய்வதில்லை. விடை எப்போது வரும் என்பதும் சேர்ந்தே முடிவுசெய்கிறது. சாயங்காலம் ஓடவிட்டுக் காலையில் விடை பார்க்க முடிந்தால், 'இந்த மூலையை இன்னும் நுணுக்கிப் பார்ப்போமே' என்று தோன்றும். நான்கு நாள் ஆகும் என்றால் இருக்கும் விடையே போதும் என்று மனம் சமாதானம் தேடும். கணினியின் வேகம் பொறியாளரின் கவனத்தைத் தொடுவது இந்த இடத்தில்தான். ஆகவே செயலியைத் தேர்ந்தெடுப்பதைக் கடைக்காரரின் பொறுப்பில் விடக்கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

நுணுக்குவதற்கு என்ன விலை என்று பார்ப்போம். ஃபைனைட் எலிமெண்ட் முறை (1960ல் இந்தப் பெயரைச் சூட்டியவர் கலிஃபோர்னியாவின் ரே கிளஃப்) ஒரு பொருளைச் சின்னச் சின்ன எலிமெண்ட்களாகக் கூறுபோடுகிறது. எலிமெண்ட்கள் சந்திக்கும் ஒவ்வொரு புள்ளியும் மூன்று திசைகளில் எவ்வளவு நகரும் என்பதே கேள்வி. எலிமெண்ட்டின் பக்க அளவைப் பாதியாக்கினால், முப்பரிமாணத்தில் எண்ணிக்கை 8 மடங்காகிறது. அத்தோடு நிற்பதில்லை. நேரடி சால்வர் என்று சொல்லப்படும் முறையில், மிகத் திறமையாக வரிசைப்படுத்தித் தீர்த்தாலும், மாறிகள் 8 மடங்கானால் தேவைப்படும் நினைவகம் ஏறக்குறைய 16 மடங்கு. பெருக்கல் கூட்டல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய 64 மடங்கு. ஒரு நிமிடத்தில் முடிந்த கணக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் செயலி என்ன செய்கிறது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் பொருள். பல வகைச் சிமுலேஷன்களில் பெரும்பாலான நேரம் அது கணக்குப் போடுவதில்லை. காத்திருக்கிறது.

இதை மேசைமேல் வைத்துக் கணக்குப் போட்டே பார்க்கலாம். காற்றோட்டம், வெப்பம், பெரிய கட்டமைப்பு என எதை எடுத்தாலும், கடைசியில் மென்பொருளின் கையில் இருப்பது ஒரு பிரம்மாண்டமான அணி. லட்சக்கணக்கான வரிசைகள், ஆனால் ஒவ்வொரு வரிசையிலும் சில பத்து எண்கள் மட்டுமே பூச்சியம் அல்லாதவை. ஏனென்றால் ஒரு புள்ளிக்கு அதைச் சுற்றியுள்ள அண்டை வீட்டாரோடு மட்டுமே பேச்சு. மறுசெய்கை முறையில் படிப்படியாக விடையை நெருங்கும் சால்வர்கள் இந்த அணியை ஒரு வெக்டரால் பெருக்குவதையே ஆயிரக்கணக்கான தடவை செய்கின்றன. அணியின் ஒவ்வோர் எண்ணும் 8 பைட். அது எந்த நெடுவரிசையைச் சேர்ந்தது என்ற குறிப்பு இன்னொரு 4 பைட். ஆக 12 பைட்களை நினைவகத்திலிருந்து கொண்டுவந்தால் செய்ய முடிவது ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலும்தான். அடுத்த சுற்றில் அதே எண் மறுபடி வேண்டும். ஆனால் அணி முழுவதும் செயலிக்குள் அடங்காததால், மறுபடியும் நினைவகத்துக்கே போக வேண்டும்.

இப்போது நல்ல டெஸ்க்டாப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். டிடிஆர்5-5600 வகை ரேம், அதைச் செயலியோடு இணைக்கும் பாதைகளாக இரண்டு சேனல். ஒரு சேனல் நொடிக்கு 44.8 ஜிகாபைட் தரும். இரண்டும் சேர்ந்து 89.6. இதை 12 ஆல் வகுத்து 2 ஆல் பெருக்கினால், நொடிக்குச் சுமார் 1,500 கோடி கணக்குகள் வருகின்றன. அதே கணினியிலுள்ள 16 கோர் செயலி, 5 ஜிகாஹெர்ட்ஸில், துடிப்புக்கு 16 கணக்குகள் வீதம் செய்யக்கூடியது நொடிக்கு 1,28,000 கோடி. அதாவது செயலியின் திறனில் நூற்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் வேலைக்கு வருகிறது. சாரத்தின்மேல் பதினாறு கொத்தனார்கள் கரண்டியோடு நிற்கிறார்கள். கலவைச் சட்டி ஏற்றுவதற்கு இருப்பது இரண்டே ஏணி. இன்னும் எட்டுக் கொத்தனார்களைக் கூலிக்குக் கூப்பிட்டால் சுவர் சீக்கிரம் எழும்பாது. இம்மாதிரி கணக்குகளில் டெஸ்க்டாப் செயலியின் மூன்று நான்கு கோர்களே அந்தப் பாதையை ஏறக்குறைய நிரப்பிவிடுகின்றன. மீதிக் கோர்கள் மின்சாரத்தைத் தின்றுகொண்டு வரிசையில் நிற்கும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் எல்லாக் கோர்களும் 100 சதவீதம் வேலை செய்வதாகவே காட்டும். காத்திருப்பதையும் அது வேலையாகவே எண்ணுகிறது. பலரும் ஏமாறுவது இந்த 100 சதவீதத்தைப் பார்த்துத்தான்.

இந்தச் சிக்கல் வரப்போகிறது என்று முன்கூட்டியே சொன்னவர்கள் உண்டு. 1995ல் வில்லியம் வுல்ஃப், சாலி மெக்கீ என்ற இருவர் எழுதிய சிறு கட்டுரை, செயலியின் வேகம் நினைவகத்தின் வேகத்தைவிட ஆண்டுக்காண்டு விரைவாக ஏறிக்கொண்டே போவதால், ஒருநாள் கணினிகள் 'நினைவகச் சுவரில்' முட்டிக்கொள்ளும் என்றது. அதற்கு முன்பே, 1991 வாக்கில், ஜான் மெக்கால்பின் ஸ்ட்ரீம் என்ற சோதனை நிரலை எழுதியிருந்தார். அது கணக்குப் போடும் வேகத்தை அளக்காது. நினைவகத்திலிருந்து எண்களை எவ்வளவு வேகமாகக் கொண்டுவர முடிகிறது என்று மட்டும் அளக்கும். அவர் கடலோட்டங்களைக் கணினியில் மாதிரி செய்துகொண்டிருந்தவர். தம் நிரலுக்கு எந்தக் கணினி பொருந்தும் என்பதை விளம்பர எண்கள் சொல்லவில்லை என்பதால்தான் அந்தச் சோதனை பிறந்தது. இன்றும் சிமுலேஷனுக்குக் கணினி வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டிய எண் ஸ்ட்ரீம் தருவதே.

உலகின் ஆகப் பெரிய கணினிகளும் இதிலிருந்து தப்பவில்லை. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில் உள்ள ஃபிரண்டியர், நெருக்கமான அணிகளைத் தீர்க்கும் லின்பேக் சோதனையில் நொடிக்கு 1,000 பெட்டாஃப்ளாப்பைத் தாண்டிய முதல் இயந்திரம். பூச்சியங்கள் நிறைந்த அணிகளைத் தீர்க்கும் எச்பிசிஜி சோதனையை அதற்குக் கொடுத்தபோது கிடைத்தது 14 பெட்டாஃப்ளாப். ஜப்பானின் கோபேயில் உள்ள ஃபுகாகு லின்பேக்கில் 442. ஃபிரண்டியரில் பாதிகூட இல்லை. எச்பிசிஜியில் அது 16. ஃபுகாகுவின் ஒவ்வொரு செயலியிலும் கோர்கள் 48தான். ஆனால் ரேம் செயலியோடு ஒட்டியே வைக்கப்பட்டு, நொடிக்கு 1,024 ஜிகாபைட் தருகிறது. கணக்குப் போடும் திறனை மட்டும் பெருக்காமல், எண்களைக் கொண்டுவரும் பாதையையும் சேர்த்து அகலப்படுத்தியவர்கள் ஃபுஜிட்சு பொறியாளர்கள். நிஜமான பொறியியல் கணக்குகளுக்கு என்ன தேவை என்று தெரிந்து செய்த வேலை அது. எனக்கு அந்த வடிவமைப்பின் மேல் மிகுந்த மரியாதை உண்டு.

சரி, நம் அளவுக்கு வருவோம். சேனல்களின் மொத்த வேகத்தைக் கோர்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்ப்பது மிகப் பயனுள்ள பழக்கம். மேலே சொன்ன டெஸ்க்டாப்பில் ஒரு கோருக்கு 5.6 ஜிகாபைட். ஏஎம்டியின் எபிக் 9004 வரிசை சர்வர் செயலிகளுக்கு 12 சேனல். டிடிஆர்5-4800 ரேமோடு மொத்தம் 460.8 ஜிகாபைட். இந்த வரிசையில் 96 கோர் கொண்ட 9654 இருக்கிறது. 32 கோர் கொண்ட 9374எஃப் இருக்கிறது. முன்னதில் ஒரு கோருக்கு 4.8 ஜிகாபைட். பின்னதில் 14.4. விலை அதிகமான 96 கோர் செயலியில், ஒவ்வொரு கோருக்கும் கிடைப்பது மேசைக் கணினியில் கிடைப்பதைவிடக் குறைவு! மொத்த வேலை அதில் சற்று விரைவாக முடியலாம். ஆனால் மூன்று மடங்கு கோருக்கு மூன்று மடங்கு வேகம் என்று யாராவது எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். காற்றோட்டக் கணக்குகளுக்கு ஒரு சேனலுக்கு இரண்டு முதல் நான்கு கோர்கள் என்பது நடைமுறையில் நன்றாக ஒத்துவரும் அளவு.

இதில் கேஷ் என்ற செயலியின் உள் நினைவகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. வெளியே உள்ள ரேமிலிருந்து ஓர் எண் வந்துசேர 80 முதல் 100 நானோ நொடி ஆகலாம். 5 ஜிகாஹெர்ட்ஸ் செயலிக்கு அது 400, 500 துடிப்புகள். கோருக்கு ஆக அருகிலுள்ள கேஷிலிருந்து என்றால் நான்கைந்து துடிப்புகளே. 2022ல் ஏஎம்டி, செயலியின் மேலேயே இன்னோர் அடுக்காகக் கேஷ் சில்லை ஒட்டி விற்கத் தொடங்கியது. டெஸ்க்டாப்பில் ரைசன் 7 5800எக்ஸ்3டிக்கு 96 மெகாபைட். சர்வரில் மிலன்-எக்ஸுக்கு 768 மெகாபைட். அடுத்த ஆண்டு வந்த ஜெனோவா-எக்ஸில் 1,152 மெகாபைட். டெஸ்க்டாப் வகையை விளையாட்டுப் பிரியர்கள் கொண்டாடினார்கள். சர்வர் வகையைத் தேடி வந்தவர்களில் காற்றோட்டமும் மோதலும் கணக்கிடுபவர்கள் உண்டு. ஒரு பெரிய மாடலைப் பல கணினிகளுக்குப் பங்கிடும்போது, ஒவ்வொன்றின் பங்கும் கேஷுக்குள் அடங்கும் அளவுக்குச் சுருங்கிவிட்டால், கணினிகளை இரட்டிப்பாக்கும்போது வேகம் இரண்டு மடங்கையும் தாண்டுவது உண்டு. முதல் தடவை பார்ப்பவர்கள் நேரத்தைத் தவறாகக் குறித்துவிட்டோம் என்று சந்தேகப்படுவார்கள். தவறில்லை.

இதுவரை சொன்னதை எல்லாக் கணக்குக்கும் பொருத்திவிட முடியாது. இயந்திர பாகம் ஒன்றின் வலிமையைப் பார்க்க ஆன்சிஸ், அபாகஸ் போன்ற மென்பொருளில் நேரடி சால்வரை ஓட்டுகிறீர்கள் என்றால், கதை வேறு. நேரடி சால்வர் பூச்சியங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் எண்களைத் திரட்டி, நெருக்கமான சிறு சிறு அணிகளாக்கி, அவற்றை ஒன்றோடொன்று பெருக்குகிறது. ஆயிரத்துக்கு ஆயிரம் அளவுள்ள தொகுதி என்றால் எண்கள் 10 லட்சம். பெருக்கல்கள் 100 கோடி. உள்ளே வந்த ஒவ்வோர் எண்ணும் ஆயிரம் தடவை பயன்படுகிறது. ஏணிகள் இங்கே தடையாக இல்லை. துடிப்பு வேகமும், ஒரே துடிப்பில் எத்தனை எண்களைக் கையாளலாம் என்பதும் இங்கே நேரடியாகப் பலன் தரும். ஏவிஎக்ஸ்-512 என்ற வசதி ஒரே கட்டளையில் எட்டு எண்களைக் கையாளும். இன்டெல் தன் டெஸ்க்டாப் செயலிகளில் 12ஆம் தலைமுறையில் அதைக் கைவிட்டது. ஏஎம்டி தன் ரைசன் 7000 முதல் கொடுக்கிறது. கட்டமைப்புக் கணக்கு செய்பவர்கள் கவனிக்க வேண்டிய வேறுபாடு இது.

நேரடி சால்வரின் பசி வேறிடத்தில் இருக்கிறது. அது ரேமைத் தின்னும். 10 லட்சம் மாறிகளுக்குச் சுமார் 10 ஜிகாபைட் என்பது ஆன்சிஸ் பயனர்கள் கைவசம் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. மாடல் பெரிதாகும்போது இந்த விகிதமும் ஏறும். ரேம் போதாவிட்டால் மென்பொருள் நின்றுவிடாது. இடைக்கணக்குகளை வட்டில் எழுதி, திரும்பப் படித்து வேலையைத் தொடரும். அங்கேதான் வினை. வேகமான என்விஎம்இ வட்டுகூட ரேமின் வேகத்தில் ஒரு சிறு பங்கைத்தான் எட்டும். பழைய சுழலும் வட்டு என்றால் பேசவே வேண்டாம். 64 ஜிபி ரேமோடு மிக விலையுயர்ந்த செயலியை வாங்குபவரைவிட, நடுத்தரச் செயலியோடு 192 ஜிபி ரேம் போடுபவர் இந்த வேலையில் முந்துவார்.

கார் மோதல், பொருள் கீழே விழுதல் போன்ற எக்ஸ்பிளிசிட் கணக்குகள் மூன்றாம் வகை. 1976ல் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் ஜான் ஹால்குவிஸ்ட் தொடங்கிய டைனா3டியின் வாரிசான எல்எஸ்-டைனா இதற்குப் பெயர்போனது. பெரிய அணி எதையும் இது தீர்ப்பதில்லை. காலத்தை மிகச் சிறு துண்டுகளாக வெட்டி முன்னேறுகிறது. அந்தத் துண்டின் அளவு நம் விருப்பமில்லை. எலிமெண்ட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒலியலை போகும் நேரத்தைத் தாண்டக்கூடாது. இரும்பில் ஒலி நொடிக்குச் சுமார் 5,000 மீட்டர். 5 மில்லிமீட்டர் எலிமெண்ட் என்றால் ஒரு மைக்ரோ நொடி. ஒரு மோதல் பத்தில் ஒரு நொடி நீடிக்கும் என்றால் ஒரு லட்சம் படிகள். மெஷ்ஷைப் பாதியாக்கினால் எலிமெண்ட் 8 மடங்கு, படிகள் 2 மடங்கு, ஆக 16 மடங்கு வேலை. ஆனால் ஒவ்வொரு படியிலும் எலிமெண்ட்கள் தத்தம் கணக்கைத் தனியாகப் போட்டுக்கொள்வதால், நிறையக் கோர்களுக்கு வேலையைப் பிரித்துக்கொடுப்பது இதில் எளிது. கோர் எண்ணிக்கைக்குக் கொடுக்கும் காசு ஓரளவு திரும்பி வரும் இடம் இது.

கோர்களைப் பற்றிப் பேசும்போது லைசென்ஸைப் பேசாமல் விட முடியாது. அறிவியல் நூலில் இதற்கு இடமில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் தொழிலில் இருப்பவர்களுக்குப் பல சமயம் இதுதான் முதல் வரம்பு. ஆன்சிஸின் வழக்கமான உரிமம் நீண்ட காலமாக 4 கோர்களை மட்டும் அனுமதித்து வந்திருக்கிறது. ஓர் எச்பிசி பேக் வாங்கினால் மேலும் 8. இரண்டு வாங்கினால் மேலும் 32. மூன்று வாங்கினால் மேலும் 128. அபாகஸில் டோக்கன் முறை: ஒரு கோருக்கு 5 டோக்கன், 8 கோருக்கு 12, 16 கோருக்கு 16. இப்படிப்பட்ட உரிமங்களின் ஆண்டுக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் செயலியின் விலை சிறியதாகவே தெரியும். கையில் ஒரே ஓர் எச்பிசி பேக் இருக்கும் நிறுவனம் 64 கோர் செயலி வாங்கினால், 52 கோர்கள் சும்மா இருக்கும். அதைவிட, துடிப்பு வேகம் மிகுந்த 16 கோர் செயலியை, சேனல்கள் நிறைந்த மதர்போர்டில் வைப்பதே புத்திசாலித்தனம். ஓப்பன்ஃபோம், கால்குலிக்ஸ் போன்ற திறமூல மென்பொருள்களில் இந்தத் தடை இல்லை. கால்குலிக்ஸை எழுதியவர்கள் ஜெர்மனியின் எம்டியு விமான எஞ்சின் நிறுவனத்தைச் சேர்ந்த கைடோ டோண்ட், கிளாவ்ஸ் விட்டிக் இருவரும். அதை இலவசம்தானே என்று குறைத்து மதிப்பிட வேண்டாம்.

லைசென்ஸ் தடையே இல்லாவிட்டாலும், ஜீன் அம்டால் 1967ல் காட்டிய எல்லை ஒன்று இருக்கிறது. வேலையில் 5 சதவீதம் ஒரே கோரில்தான் நடக்கும் என்றால், 16 கோரில் கிடைக்கும் வேகம் 9 மடங்குதான். கோடிக் கோர் போட்டாலும் 20 மடங்கைத் தாண்டாது. மாடலைப் படிப்பது, மெஷ் போடுவது, விடைகளை எழுதுவது எல்லாம் அந்த 5 சதவீதத்துக்குள் வந்து உட்காரும் வேலைகள். ஒற்றைக் கோரின் வேகத்தை அலட்சியம் செய்யக்கூடாது என்பது இதனால்தான்.

இனி வாங்கும்போது சிக்கிக்கொள்ளும் சில இடங்கள். 2021 இறுதியில் வந்த 12ஆம் தலைமுறை முதல் இன்டெல் டெஸ்க்டாப் செயலிகள் பலவற்றில் இரண்டு வகைக் கோர்கள் கலந்திருக்கின்றன. ஐ9-14900கேவில் 24 கோர் என்று பெட்டியில் போட்டிருக்கும். வேகமானவை 8, சிக்கனமானவை 16. சிமுலேஷன் மென்பொருள் மாடலைச் சம பங்காகப் பிரித்துக் கொடுக்கும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் எல்லாரும் வந்துசேரும்வரை யாரும் நகர முடியாது. ஆகவே மெதுவான கோர்தான் எல்லாருடைய வேகத்தையும் தீர்மானிக்கும். 24 கோரில் ஓட்டுவதைவிட 8 வேகக் கோரில் மட்டும் ஓட்டி முன்னதாக முடிப்பது இதில் சகஜம். ஒரு கோரை இரண்டு போலக் காட்டும் ஹைப்பர்த்ரெடிங்கும் இந்த வேலைக்கு உதவாது; காத்திருக்கும் வரிசையில் இன்னும் சிலரைக் கொண்டுவந்து நிறுத்துவது போலத்தான் ஆகும். பயாஸில் அணைத்துவிடலாம்.

அதிகம் பேர் அறியாத சங்கதி ரேம் துண்டுகளில் இருக்கிறது. ரைசன் 9000 வரிசை டெஸ்க்டாப்பில் இரண்டு துண்டு போட்டால் ஏஎம்டி உறுதி தரும் வேகம் 5600. பிறகு போதவில்லை என்று இன்னும் இரண்டு துண்டு செருகினால் அந்த உறுதி 3600க்கு இறங்கிவிடும். நான்கு துண்டு போட்டாலும் சேனல் இரண்டுதான். நொடிக்கு 89.6 ஜிகாபைட் 57.6 ஆகிவிடும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழப்பு. ரேமைக் கூட்டிய பிறகு கணக்கு மெதுவாகிவிட்டது என்று யாராவது புலம்பினால் முதலில் இதைப் பாருங்கள். 48 ஜிபி துண்டுகள் இரண்டைத் தொடக்கத்திலேயே வாங்கிவிடுவது நல்லது.

சேனல் எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவெடுப்பதிலும் ஆபத்து உண்டு. த்ரெட்ரிப்பர் ப்ரோ 7000 வரிசைக்கு 8 சேனல். ஆனால் அதில் ஆகச் சிறிய 7945டபிள்யூஎக்ஸ், 7955டபிள்யூஎக்ஸ் இரண்டிலும் கணக்குப் போடும் சில்லுகள் இரண்டே இரண்டு. ஒவ்வொரு சில்லும் ரேமோடு பேசும் உட்பாதைக்கு ஒரு வரம்பு இருப்பதால், எட்டுச் சேனலின் முழு வேகத்தையும் அவற்றால் உறிஞ்ச முடியாது. 24 அல்லது 32 கோர் வகைகளில் நான்கு சில்லுகள் உண்டு. அந்த வகையில் காசு போடுவது நியாயம்.

கிராஃபிக்ஸ் அட்டைகள்? என்விடியாவின் எச்100 நொடிக்கு 3,350 ஜிகாபைட் வரை தருகிறது. காற்றோட்ட மென்பொருள்கள் பலவும் முழுக்க முழுக்க அதிலேயே ஓடும் சால்வர்களைக் கொடுக்கத் தொடங்கிவிட்டன. எதிர்காலம் பெரும்பாலும் அங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் விளையாட்டுக்கான அட்டையை வாங்கி அதே பலனை எதிர்பார்க்கக்கூடாது. ஆர்டிஎக்ஸ் 4090ல் 64 பிட் துல்லியக் கணக்குகள், 32 பிட் வேகத்தில் 64ல் ஒரு பங்கு வேகத்தில்தான் நடக்கும். கட்டமைப்புக் கணக்குகளுக்கு அந்த 64 பிட் துல்லியம் அவசியம்.

இறுதியாண்டுப் பொறியியல் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. சிமுலேஷன் கற்றுக்கொள்ள விலையுயர்ந்த கேமிங் லேப்டாப் வேண்டும் என்று வீட்டில் கடன் வாங்க வைக்காதீர்கள். மெல்லிய உடலுக்குள் அடைபட்ட செயலி முதல் ஒரு நிமிடம் பறக்கும். சூடு ஏறியதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நம் கணக்குகளோ மணிக்கணக்கில் ஓடுபவை. மாணவர் பதிப்புகளில் மெஷ்ஷின் அளவுக்கே உச்சவரம்பு உண்டு என்பதால், 32 ஜிபி ரேம் போட்ட சாதாரண டெஸ்க்டாப் தாராளமாகப் போதும். அதுவும் இரண்டு 16 ஜிபி துண்டுகளாக இருக்கட்டும்; ஒற்றை 32 ஜிபி துண்டு என்றால் ஒரு சேனல் வெறுமையாகிவிடும்.

நிறுவனத்துக்காக வாங்குபவர்கள், விலைப்புள்ளி கேட்பதற்கு முன்பு ஒரு சோதனை செய்துபாருங்கள். நீங்கள் அன்றாடம் ஓட்டும் மாடல் ஒன்றை இருக்கிற கணினியிலேயே 1, 2, 4, 8, 16 கோர்களில் ஓட்டி, ஒவ்வொன்றுக்கும் ஆன நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சொந்த மாடல் கைவசம் இல்லையென்றால், ஓப்பன்ஃபோமோடு கூடவே வரும் மோட்டார்பைக் மாதிரி இருக்கிறது: வண்டியும் ஓட்டுபவரும் நொடிக்கு 20 மீட்டர் காற்றில். அதன் மெஷ்ஷை 20 லட்சம் செல் அளவுக்கு நுணுக்கி ஓட்டினால், எந்தக் கணினியும் தன் குணத்தைக் காட்டிவிடும். நான்கு கோருக்குப் பிறகு நேரம் குறையவில்லை என்றால் உங்களுக்கு வேண்டியது சேனல்களும் கேஷும். கடைசிவரை குறைந்துகொண்டே வந்தால் கோர்கள். வட்டின் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தால் ரேம்.

பிறகு விலைப்புள்ளி வரும். எட்டுச் சேனல் மதர்போர்டுக்கு 'ரேம் 128 ஜிபி' என்று ஒரே வரியில் எழுதியிருப்பார்கள். அது இரண்டு 64 ஜிபி துண்டுகளாக வந்தால், நீங்கள் காசு கொடுத்த பாதையில் நான்கில் ஒரு பங்குதான் திறந்திருக்கும். எட்டு 16 ஜிபி துண்டுகளாக வந்தால் முழுவதும் திறந்திருக்கும். எத்தனை துண்டு, எந்த வேகம், எத்தனை சேனல் நிரம்புகிறது என்பதை எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.